முதல் இரண்டு வாரங்களுக்கு ஹெட்செட் கிடையாது

பார்ப்பவரை முழுதும் கணினிக் காட்சிக்குள் நிறுத்தும் மெய்நிகர் உண்மை என்கிற வி.ஆர்., அசல் உலகின்மீது கணினி உருவங்களைப் பொருத்திக் காட்டும் மிகை மெய்ம்மை என்கிற ஏ.ஆர். ஆகிய இரண்டையும் ஒரே பாடமாக மூன்றாம் ஆண்டுப் பொறியியல் மாணவர்களுக்கு நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, முதல் வகுப்பை எப்படித் தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கண்களை மூடித் தலையில் பொருந்தும் காட்சிக்கருவியான ஹெட்செட்டை மாட்டிவிட்டால் போதும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பினேன். 60 மாணவர்கள், 5 ஹெட்செட்டுகள், 2 மணி நேர ஆய்வக வகுப்பு. கணக்குப் போட்டால் ஒருவருக்கு 10 நிமிடம் வரும். பட்டையைச் சரிசெய்வது, லென்ஸைத் துடைப்பது, 'சார், எல்லாம் மங்கலாகத் தெரிகிறது' என்பவருக்கு உதவுவது எல்லாம் போக உண்மையில் கிடைத்தது 5 நிமிடம்தான். அந்த 5 நிமிடத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது ஒரு ரோலர் கோஸ்டர் காட்சி. கூச்சலும் சிரிப்புமாக வகுப்பு நடந்தது. ஒரு மாணவி மட்டும் மூன்றாவது நிமிடத்தில் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்தார்; மாலை வரை அவருக்குத் தலைசுற்றல் தெளியவில்லை. அந்தப் பருவம் முடியும்வரை அவர் ஹெட்செட்டை மறுபடி தொடவே இல்லை.

நடந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியாததல்ல. கண்கள் 'பாய்ந்து செல்கிறோம்' என்கின்றன. உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு 'அசையாமல் உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இந்த முரண்பாட்டை உடல் குமட்டலாக வெளிப்படுத்துகிறது. ஏழாம் வாரத்தில் நடத்துவதற்காக இதை விளக்கும் படங்களைக்கூட நான் ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்தேன். தெரிந்ததை முதல் வாரத்தில் பயன்படுத்தத் தோன்றவில்லை என்பதுதான் பிழை.

அந்தப் பருவத்தின் இரண்டாவது பாடம் திட்டப்பணிகளில் கிடைத்தது. இயந்திரவியல் மாணவர் ஒருவர் தாம் வரைந்த வால்வு ஒன்றை, முப்பரிமாணக் காட்சிகளை உருவாக்கும் யூனிட்டி என்ற மென்பொருளில் ஏற்றினார். காட்சியில் ஒன்றுமே தெரியவில்லை. கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி மூன்று முறை புதிதாக ஏற்றியிருக்கிறார். கோப்பில் ஒரு குறையும் இல்லை. அவர் வால்வை மில்லிமீட்டரில் வரைந்திருந்தார். யூனிட்டியோ ஓர் அலகை ஒரு மீட்டராக எடுத்துக்கொள்கிறது. 150 மில்லிமீட்டர் உயர வால்வு 150 மீட்டர் உயரக் கோபுரமாக எழுந்து நிற்க, அவர் அதன் வயிற்றுக்குள் நின்றுகொண்டிருந்தார். பரப்புகளின் பின்பக்கத்தை மென்பொருள் இயல்பாக வரைவதில்லை என்பதால், உள்ளே இருப்பவருக்கு வெற்றிடம் மட்டுமே தெரிந்தது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. ஆனால் அடுத்துவந்த குழுவிடம், திரையில் அழகாகச் சுழன்றுகொண்டிருந்த பம்பைக் காட்டி, 'இதன் உண்மையான உயரம் எவ்வளவு?' என்று கேட்டேன். நால்வரில் ஒருவருக்கும் தெரியவில்லை. மடிக்கணினித் திரையில் பார்க்கும்வரை எந்த அளவும் சரியான அளவாகவே தோன்றும். ஹெட்செட்டுக்குள் மட்டுமே பொருளின் அளவு உடலோடு ஒப்பிடப்படுகிறது.

நான் அதுவரை கற்பித்துக்கொண்டிருந்தது ஒரு மென்பொருளை. மாணவர்களுக்குத் தேவைப்பட்டது அளவும், அச்சும், நேரமும், பிறர் உடல் குறித்த கவனமும். மென்பொருளின் பொத்தான்கள் ஆண்டுக்கு ஒருமுறை இடம் மாறுகின்றன. அவற்றைக் கற்றுத்தர நல்ல காணொளிகள் ஏராளம். அடுத்த பருவத்தில் பாடத்தைப் புரட்டிப் போட்டு, முதல் இரண்டு வாரங்களுக்கு ஹெட்செட் பெட்டிகளைப் பூட்டியே வைத்தேன். மாணவர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. 'இது கணித வகுப்பா?' என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். பாதி ஆமாம் என்று பதில் சொன்னேன்.

அந்த இரண்டு வாரங்களில் ஆய்வகத்தில் இருந்தவை அட்டைப்பெட்டி, நூல், அளவுநாடா, மாணவர்களின் கைகள் ஆகியவைதாம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டினால் ஓர் அச்சுத் தொகுதி கிடைக்கும். வலக்கையில் ஒன்று, இடக்கையில் வேறொன்று; எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றொன்றின்மீது பொருந்தாது. யூனிட்டி இடக்கை முறையைப் பின்பற்றுகிறது. அதில் ஒய் அச்சு மேல்நோக்கியது. ரோபோட்டிக்ஸ் படித்துவிட்டு வருபவர்கள் வலக்கை முறைக்குப் பழகியவர்கள். அவர்களுக்கு இசட் அச்சுதான் மேல்நோக்கியது. இரு துறை மாணவர்கள் கைகளைக் காற்றில் முறுக்கிக்கொண்டு, ரோபோவின் கை ஏன் கண்ணாடிப் பிம்பம்போல எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்று கால் மணி நேரம் வாதாடியதைப் பார்த்தபோது, இந்தப் பாடம் சரியான இடத்தில் தொடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒரு கை முறையிலிருந்து மற்றதற்கு மாற ஏதேனும் ஓர் அச்சின் குறியை மாற்றியாக வேண்டும், வெறும் சுழற்சியால் அது நடக்காது என்பதை அவர்களே கண்டடைந்தார்கள். மாற்ற அணியின் அணிக்கோவை மதிப்பு ஏன் எதிர்மறையாகிறது என்று அதன்பின் கரும்பலகையில் எழுதியதற்கு யாரும் கொட்டாவி விடவில்லை.

சுழற்சியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, முதலில் முன்பக்கமாக 90 டிகிரி, பிறகு பக்கவாட்டில் 90 டிகிரி திருப்பச் சொல்கிறேன்; அடுத்தவரிடம் அதே இரண்டையும் வரிசை மாற்றிச் செய்யச் சொல்கிறேன். இருவர் கையிலும் புத்தகம் வெவ்வேறு நிலையில் நிற்கிறது. 1843-இல் கணிதவியலாளர் ஹாமில்டன் கண்டறிந்த, சுழற்சியை நான்கு எண்களால் குறிக்கும் குவாட்டர்னியன் இன்று ஒவ்வொரு ஹெட்செட்டிலும் இயங்கிக்கொண்டிருக்கிறது என்றாலும், அதன் வருவிப்பை முதல்நாளே எழுதுவதால் பயனில்லை என்பது என் அனுபவம். முதலில் தேவை உறைக்கும்படியான ஒரு தவறு. 350 டிகிரியில் நிற்கும் திசைதிருப்பி (ஸ்டீயரிங்) வளையத்தை 10 டிகிரிக்கு மெல்ல நகர்த்த நிரல் எழுதச் சொல்கிறேன். இரு கோண எண்களுக்கும் இடையிலுள்ள மதிப்புகளை நேரடியாகக் கணக்கிடுபவரின் வளையம், 20 டிகிரி நகர்வதற்குப் பதிலாக எதிர்த்திசையில் 340 டிகிரி சுற்றிவருகிறது. அந்த வளையத்தைப் பார்த்தவர்கள் குவாட்டர்னியன் எதற்கு என்று கேட்பதில்லை. எப்படி என்றுதான் கேட்கிறார்கள்.

இந்தத் துறை நேற்று முளைத்தது என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஐவன் சதர்லேண்ட் 1968-இலேயே தலையில் மாட்டும் காட்சிக்கருவியை உருவாக்கிவிட்டார்; கூரையிலிருந்து தொங்கிய ஓர் இயந்திரக் கை தலையின் அசைவை அளந்தது; கம்பிச் சட்டங்களாலான உருவங்கள் அசல் அறையின்மீது படிந்து தெரிந்தன. வரலாற்றுக்காக மட்டும் இதைச் சொல்வதில்லை. தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அளந்து, தாமதமின்றிப் படத்தை மாற்ற வேண்டும் என்ற சிக்கல்தான் அன்றும் மையம், இன்றும் மையம். ரொனால்ட் அசுமா 1997-இல் ஏ.ஆருக்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: அசலும் மெய்நிகரும் கலந்திருக்க வேண்டும், உடனுக்குடன் ஊடாட வேண்டும், முப்பரிமாணத்தில் இடம் பொருந்தி நிற்க வேண்டும். திட்டப்பணி முன்மொழிவுகளை நான் இந்த மூன்றாலும் சலிக்கிறேன். கேமராப் படத்தின் மூலையில் வெப்பநிலையை எழுதிக்காட்டும் செயலிகள் மூன்றாவது நிபந்தனையில் உதிர்ந்துவிடுகின்றன. அதே எண் குறிப்பிட்ட குழாயின்மேல் ஒட்டிக்கொண்டு, நாம் சுற்றி நடந்தாலும் விலகாமல் நின்றால்தான் அது ஏ.ஆர்.

மூன்றாம் வாரத்தில் பெட்டிகள் திறக்கின்றன, ஆனால் கேளிக்கைக்காக அல்ல. ஒவ்வொரு குழுவும் 1 மீட்டர் பக்கமுள்ள ஒரேயொரு கனசதுரத்தைத் தரையில் வைத்து, அதை ஹெட்செட்டில் ஏற்றி, அளவுநாடாவைக் கையில் பிடித்தபடி அதன் உயரம் இடுப்பளவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு அற்பமான பயிற்சி. இதற்குள் மென்பொருள் பதிப்பு முரண்பாடு, உரிமக் கணக்கு, இணைப்புக் கம்பி, ஹெட்செட்டில் அனுமதி கொடுக்கும் பெட்டி, தரைமட்டம் தவறாகக் கணிக்கப்படுதல் என்று அத்தனை தொல்லைகளும் வந்து தீர்ந்துவிடுகின்றன. முதல் பருவத்தில் இவை அனைத்தும் இறுதி மதிப்பீட்டுக்கு முந்தைய இரவில், எல்லாக் குழுக்களுக்கும் ஒரே சமயத்தில் வந்தன. அந்த இரவைப் பற்றி விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை.

கனசதுரத்துக்குப் பிறகு நேரக்கணக்கு. விநாடிக்கு 72 படங்கள் காட்டும் ஹெட்செட்டில் ஒரு படத்தை வரைந்து முடிக்க 13.9 மில்லிவிநாடிகள் உள்ளன. 90 படங்கள் என்றால் 11.1 மில்லிவிநாடிகள். அதற்குள் இரு கண்களுக்கும் தனித்தனியே வரைந்தாக வேண்டும். தலையசைவுக்கும் படம் மாறுவதற்கும் இடையிலான தாமதம் 20 மில்லிவிநாடிகளுக்குள் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. திரையில் ஓடும் விளையாட்டு ஓரிரு படங்களைத் தவறவிட்டால் கண் மன்னித்துவிடும்; ஹெட்செட்டில் அந்த மன்னிப்பு இல்லை. மடிக்கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடிய ஆய்வகக் காட்சி ஒன்று ஹெட்செட்டில் திக்கித் திணறியது. மாணவர்கள் நிரலையே குறைசொல்லிக்கொண்டு ஒரு வாரத்தைச் செலவிட்டார்கள். செயல்திறன் அளவியைத் திறந்து பார்த்தால், அறையில் அடுக்கி வைத்திருந்த கண்ணாடிக் குடுவைகள்தாம் காரணம். ஒளி ஊடுருவும் பரப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது அதே படப்புள்ளியைப் பலமுறை வரைய வேண்டியிருக்கிறது. ஹெட்செட்டுக்குள் இருக்கும் கைபேசித்தர நுண்செயலிக்கு அது பெருஞ்சுமை. குடுவைகளில் பெரும்பாலானவற்றை ஒளிபுகாதவையாக மாற்றியதும் காட்சி சீரானது. அன்றுமுதல் ஊகித்துத் திருத்துவதற்கு என் வகுப்பில் இடமில்லை. எத்தனை மில்லிவிநாடி எங்கே போகிறது என்ற எண்ணைக் காட்டிவிட்டுத்தான் மாற்றத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

ஏ.ஆர். பகுதியில் நான் மிகவும் நம்பும் பயிற்சி காகிதத்தில் செய்வது. கைபேசியில் முடுக்கமானி இருக்கிறதே, முடுக்கத்தை இருமுறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சி கிடைக்குமே, கேமரா எதற்கு என்று கேட்கிறேன். பெரும்பாலோர் அதுவே சரியான வழி என்று நினைக்கிறார்கள். உணரியில் விநாடி வர்க்கத்துக்கு 0.01 மீட்டர் என்ற அளவில் நிலையான பிழை இருப்பதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பிழையால் வரும் இடப்பெயர்ச்சி, அந்த எண்ணின் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது: 10 விநாடியில் அரை மீட்டர், 60 விநாடியில் 18 மீட்டர். மேசைமீது வைத்த மெய்நிகர் விளக்கு ஒரு நிமிடத்தில் கட்டடத்தை விட்டே வெளியேறியிருக்கும். இந்த எண்ணைத் தம் கையால் எழுதியவருக்கு, கேமரா படத்தில் தனித்துத் தெரியும் புள்ளிகளைத் தொடர்ந்து பின்பற்றி உணரியின் பிழையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதன் தேவை தானாகவே விளங்கிவிடுகிறது. 2017-இல் ஆப்பிள் வெளியிட்ட ஏ.ஆர்.கிட் போன்ற நிரல்தொகுப்புகள் இந்த வேலையை ஒரே வரியில் முடித்துத் தந்துவிடுவதால், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே செயலி செய்துவிட முடிகிறது. அது வேலை செய்யாதபோதுதான் அறியாமை வெளிப்படுகிறது.

வெளிப்பட்ட ஒரு நாள் நினைவில் இருக்கிறது. ஒரு குழு, மேசைமேல் எந்திரத்தை நிறுத்தி அதன் பாகங்களைப் பிரித்துக் காட்டும் செயலியை வாரக்கணக்கில் சோதித்து, பழுதில்லாமல் வைத்திருந்தது. மதிப்பீட்டு நாளில் வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று யாரோ அந்த மேசையின்மேல் சலவை செய்த வெள்ளைத் துணியை விரித்துவிட்டார்கள். சுருக்கமோ கோடோ இல்லாத வெள்ளைப் பரப்பில் பின்பற்றுவதற்குப் புள்ளிகளே இல்லை. கைபேசி மேசையைக் கண்டுகொள்ளவே மறுத்தது. மாணவர்கள் செயலியை மூன்று முறை மூடித் திறந்தார்கள். பிறகு ஒரு மாணவி எழுந்து சென்று, துணியின்மேல் நான்கைந்து குறிப்பேடுகளைப் பரப்பி வைத்தார். எந்திரம் எழுந்து நின்றது. தேர்வாளர் அவரிடம் ஏன் என்று கேட்டார். அவர் சொன்ன இரண்டு நிமிட விளக்கத்துக்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம் என்று எனக்குப் பட்டது. வெற்றுப் பரப்பு, பளபளக்கும் தரை, மங்கலான ஒளி, கண்ணாடிச் சுவர் ஆகிய நான்கிலும் செயலியை இயக்கி, அது எப்படித் தோற்கிறது என்று எழுதித்தருவது இப்போது கட்டாயம். தோற்கும்போது பயனருக்கு என்ன செய்தி காட்டுகிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

பிறர் உடல் என்ற விஷயத்துக்கு வருகிறேன். தம் படைப்பைத் தாமே 50 முறை மாட்டிப் பார்த்தவருக்குத் தலை சுற்றாது, உடல் பழகிவிடுகிறது. எனவே ஒவ்வொரு குழுவும், அதுவரை அக்காட்சியைப் பார்த்திராத 5 பேரை வைத்துச் சோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவரேனும் மூக்குக்கண்ணாடி அணிபவராகவும், ஒருவர் இடக்கைப் பழக்கமுள்ளவராகவும், ஒருவர் உட்கார்ந்தபடியே பயன்படுத்துபவராகவும் இருக்க வேண்டும். உயரமான மாணவர் ஒருவர் தம் கண்மட்டத்தில் வைத்த கட்டுப்பாட்டுப் பலகையை, உட்கார்ந்தவரால் எட்டவே முடியவில்லை. அதைத் திருத்த அவருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சோதனை இல்லாவிட்டால் அப்படி ஒரு குறை இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. குமட்டலை அளக்க 1993-இல் கென்னடியும் பிறரும் வெளியிட்ட 16 அறிகுறிகள் கொண்ட வினாத்தாளைப் பயன்படுத்துகிறோம். காட்சிக்கு முன்பும் பின்பும் இரண்டு முறை நிரப்பச் செய்வது முக்கியம்; இரவெல்லாம் விழித்துவிட்டு வரும் மாணவரின் தலைவலியை வி.ஆர். கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஹெட்செட் அணிவதை யாருக்கும் கட்டாயமாக்குவதில்லை என்பது முதல் வகுப்பிலேயே சொல்லப்படும் விதி. காரணம் கேட்பதும் இல்லை. அணிய இயலாதவர் கணினித்திரையில் உருவகியை (சிமுலேட்டர்) வைத்து நிரல் எழுதலாம், சோதனைகளை நடத்தலாம், ஏ.ஆர். திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம், மதிப்பெண்ணில் குறைவு வராது. காட்சிக்குள் நகர்வதற்குக் குறி வைத்த இடத்துக்குத் தாவும் முறையே இயல்நிலையாக இருக்க வேண்டும். வழுக்கிச் செல்லும் நகர்வை வேண்டுபவர் தெரிந்தெடுத்துக்கொள்ளட்டும். பயனரின் தலையைக் கேட்காமல் கேமராவை அசைப்பது என் வகுப்பில் தடைசெய்யப்பட்ட ஒன்று. 'திரைப்படம்போல இருக்கும் சார்' என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கெஞ்சுகிறார்கள், நான் இளகுவதில்லை.

எழுத்தின் அளவும் இதே வகைப் பிழைதான். கூர்மையான கண் ஒரு டிகிரிக்கு 60 படப்புள்ளிகளைப் பிரித்தறியும். ஆய்வகங்களில் பரவலாக உள்ள எளிய ஹெட்செட்டுகள் தருவது ஏறத்தாழ 20. மடிக்கணினியில் தெளிவாகப் படித்த கையேட்டுப் பக்கத்தை அப்படியே சுவரில் ஒட்டிவிட்டு, யாரும் படிக்கவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை. எழுத்தின் உயரத்தைப் புள்ளிக் கணக்கில் சொல்லாமல், இத்தனை மீட்டர் தொலைவில் இத்தனை டிகிரி என்று சொல்லச் செய்தபிறகு பலகைகளில் சொற்கள் குறைந்தன, அம்புக்குறிகள் கூடின.

ஆய்வக நிர்வாகம் குறித்துச் சுருக்கமாக. ஹெட்செட்டுக்கும் அதன் இரு கைப்பிடிகளுக்கும் ஒரே எண்ணை ஒட்டிவைக்க வேண்டும். கலந்துவிட்டால் எது எதனோடு இணைந்தது என்று கண்டுபிடிப்பதிலேயே வகுப்பு போய்விடும். ஜன்னலோரம் வைக்கவே கூடாது. வெயில் லென்ஸ் வழியே குவிந்து உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். எங்களுக்கு ஒரு ஹெட்செட் அப்படித்தான் போனது. மென்பொருள் புதுப்பிப்பை வகுப்புக்கு முந்தைய நாள் பார்த்துவிட வேண்டும். வளாக வைஃபை பெரும்பாலும் ஒரு கருவி மற்றொன்றைக் காண அனுமதிப்பதில்லை என்பதால், ஹெட்செட்டின் காட்சியைப் பெரிய திரைக்கு அனுப்பத் தனி ரூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டோம். இந்த ரூட்டர் எந்தப் பாடநூலையும்விட எனக்கு உதவியது. உள்ளே இருப்பவர் என்ன பார்க்கிறார் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத வகுப்பில் ஆசிரியர் செய்வதற்கு ஒன்றுமில்லை.

மதிப்பீட்டில் என்னை அதிகம் அலைக்கழித்தது குழுப்பணி. நால்வர் குழுவில் ஒருவர் நிரல் எழுத, ஒருவர் உருவங்களை வடிவமைக்க, மற்ற இருவர் காணொளி எடுப்பார்கள். காணொளிக்கு மதிப்பெண் கொடுத்த பருவத்தில் படத்தொகுப்பு வளர்ந்தது, வேறெதுவும் வளரவில்லை. இப்போது வாய்மொழித் தேர்வில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒரு சிறிய மாற்றத்தைச் செய்யச் சொல்கிறேன்: இந்தக் கதவின் கீலை மறுபக்கம் மாற்றுங்கள், இந்த நெம்புகோல் 45 டிகிரிக்கு மேல் போகாமல் தடுங்கள். 15 நிமிடம் தருகிறேன். இணையத்தைப் பார்க்கத் தடையில்லை. தெரிந்தவருக்கு அது தாராளம். தெரியாதவருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தாலும் போதாது. ஒரே காட்சிக் கோப்பில் நால்வர் ஒரே சமயத்தில் கைவைத்தால் நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து ஒன்றிணைக்கும் கிட் (Git) என்ற மென்பொருள் அவர்களின் மாற்றங்களை ஒன்றுசேர்க்கத் திணறும் என்பதால், ஆளுக்கொரு சிறு பகுதியாகப் பிரித்துக்கொள்ளும் ஒழுங்கை முதல் நாளே வலியுறுத்துகிறேன். யார் எதைச் செய்தார் என்பதும் அதனால் பதிவாகிவிடுகிறது.

இன்னும் சரிப்படாதவை உண்டு. ஐந்து பேர் சோதனையைப் பன்னிரண்டாம் வாரத்தில் வைத்திருப்பதால், குறை தெரிந்தும் திருத்த நேரமில்லாமல் அறிக்கையில் 'எதிர்கால மேம்பாடு' என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள். வரும் பருவத்தில் அதை ஆறாம் வாரத்துக்கு நகர்த்துகிறேன். அப்போது காட்சியில் சாம்பல் நிறப் பெட்டிகள் மட்டுமே இருக்கும். வண்ணமோ உருவமோ சேர்ந்திருக்காது. எட்டாத கையையும் சுற்றும் தலையையும் கண்டறிய அந்தப் பெட்டிகளே போதும்.